வெறும் பதினாறாயிரம்

போன தை மாதம் மயிலாடுதுறையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு பழைய ஃபியட் காரை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்கள். பால் வெள்ளையில் புதுப் பெயின்ட், முகம் பார்க்கலாம் போல் பளபளக்கும் பம்பர், பானெட்டில் மல்லிகைச் சரம். மண்டபத்து வாசலில் ஒரே கூட்டம். மாப்பிள்ளையைவிட வண்டியோடுதான் அதிகம் பேர் படம் எடுத்துக்கொண்டார்கள்.

என் பெரியப்பா மகன்வழி அண்ணன் பிள்ளை, முப்பத்தைந்து வயசிருக்கும், பெங்களூரில் வேலை. பக்கத்தில் வந்து தோளில் கை போட்டான்.

"சித்தப்பா, நம்ம டாக்டர் தாத்தா வச்சிருந்தது இதே வண்டிதானே? அப்ப இது வெறும் பதினாறாயிரமாமே! அந்தக் காலத்துல நீங்கள்லாம் எவ்வளவு சுலபமா வாழ்ந்திருக்கீங்க!"

நல்ல பிள்ளை. வெள்ளை மனசோடுதான் சொன்னான். ஆனால் அந்த "வெறும்" எனக்கு நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. பந்தியில் உட்கார்ந்தபோதும் அதே நினைப்பு. பதினாறாயிரம் என்பது எங்கள் குடும்பத்தில் என்னவாக இருந்தது என்று நான் கண்ணால் பார்த்தவன். அதை அவனிடம் இரண்டு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

டாக்டர் பெரியப்பாவின் அந்தக் காரின் பில் இப்போதும் எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. பெரியம்மா காலமான பிறகு அவர்களுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, பட்டா நகல்களுக்கும் ஜாதகக் கட்டுக்கும் நடுவில் கிடைத்தது. வெங்காயச் சருகு போல மெல்லிய தாள், கார்பன் வைத்து டைப் அடித்த நகல். ஊதா எழுத்து பழுப்பேறிவிட்டது. மூலையில் குத்தியிருந்த குண்டூசி துருப்பிடித்து, தாளில் காசளவுக்குக் கறை. கீழே ரெவின்யூ ஸ்டாம்ப்பின் மேல் கையெழுத்து. வண்டி விலை, எக்சைஸ் டியூட்டி, சேல்ஸ் டாக்ஸ், பம்பாயிலிருந்து மெட்ராஸுக்குக் கொண்டுவந்த செலவு, இன்ஷூரன்ஸ், பதிவுக் கட்டணம் என்று வரிசையாக இருக்கிறது. கடைசி வரியில் ரப்பர் மேட் 38 ரூபாய். கூட்டுத்தொகை 16,640. ஆண்டு 1970.

அதே 1970-ல் என் அப்பா உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். மாதம் பிறந்ததும் சம்பளக் கவரை அப்படியே அம்மாவிடம் கொடுப்பார், அம்மா அதைச் சாமி படத்துக்கு முன் வைத்துவிட்டு எண்ணுவாள். 290 ரூபாய். எண்ணும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அதனால் தொகை மறக்கவில்லை. அந்தச் சம்பளத்தில் ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல், வாடகை கொடுக்காமல், பிள்ளைகளுக்குச் சட்டை எடுக்காமல் மொத்தமாகச் சேர்த்து வைத்தால் பெரியப்பாவின் கார் வாங்க நான்கே முக்கால் வருஷம் ஆகும். இன்று அரசுப் பள்ளியில் புதிதாகச் சேரும் ஒரு பட்டதாரி ஆசிரியர், தன் ஓராண்டுச் சம்பளத்துக்குள் ஒரு சின்னப் புதுக் காரை வாங்கிவிட முடியும். கடனும் வீடு தேடி வரும். அப்பா கடைசி வரை சைக்கிள்தான். அது அவருக்குக் குறையாகவே இல்லை. கார் என்பது ஆசைப்படுகிற பொருட்களின் பட்டியலிலேயே இல்லாத காலம் அது.

அம்மாவும் பெரியம்மாவும் எதையும் பவுனில்தான் கணக்குப் பார்ப்பார்கள். அந்த வருஷம் தங்கம் 10 கிராம் 184 ரூபாய் அளவில் இருந்தது. பவுன் 147 ஆகிறது. 16,640-ஐ வகுத்தால் 113 பவுன். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு இருபது பவுன் போட்டுக் கல்யாணம் செய்தால் ஊரே பேசும். ஐந்து பெண்களின் சீர் ஒன்றுசேர்ந்து நான்கு சக்கரத்தின் மேல் நின்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரியப்பா அந்த வண்டியைப் பதிவு செய்தது 1963-ல். கையில் வந்தது 1970 ஆவணியில். ஏழு வருஷம். நடுவில் நான் பள்ளிக்கூடம் சேர்ந்து ஆறாம் வகுப்பு வரைக்கும் வந்துவிட்டேன். தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் ஒரு தொகையைப் போட்டு, அந்தப் பாஸ் புக்கை டீலர் பேருக்கு ஈடாக எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். டிஸ்பென்சரியில் நோயாளிகள்கூட "டாக்டரய்யா, வண்டி எப்ப வருது?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள். "வந்தா வரும்" என்பார், ஊசியைக் கொதிநீரில் போட்டபடியே.

ஒரு நாள் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் முறை வந்துவிட்டது, பதினைந்து நாளில் முழுப் பணத்தையும் கட்டுங்கள், தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும். ஏழு வருஷம் காக்க வைத்தவர்கள் பதினைந்து நாள் கெடு வைத்தார்கள். கார் வாங்கக் கடன் கொடுக்கிறோம் என்று அன்று யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை. மணல்மேட்டுப் பக்கம் பாட்டனார் வழியில் வந்த இரண்டு ஏக்கர் நஞ்சையை அவசரத்தில் ஒன்பதாயிரத்துக்குக் கிரயம் செய்தார். பெரியம்மாவின் நகைகள் நாலாயிரத்துக்கு அடகுக் கடைக்குப் போயின. மிச்சம் கையிருப்பு. அந்த நிலம் இப்போது மனைகளாகப் பிரிந்து வீடுகளாகி நிற்கிறது. நகைகளில் ஒரு காசுமாலை திரும்பி வரவே இல்லை.

பெரியப்பாவும் ஒரு டிரைவரும் மெட்ராஸுக்குப் போய் வண்டியை எடுத்துவந்தார்கள். புது எஞ்சின் பழகும் வரை வேகமாக ஓட்டக் கூடாது, பின் கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று தாள் ஒட்டியிருந்தது. விடியலில் புறப்பட்டவர்கள் சிதம்பரம் தாண்டி, வைத்தீஸ்வரன்கோயிலில் பூஜை போட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு சேர்ந்தார்கள். தெருவே வாசலில் நின்றது. நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுங்கிய வாசனையும், புது ரெக்ஸின் வாசனையும், பெட்ரோல் வாசனையும் கலந்து வந்ததை இன்றும் என்னால் நினைவில் முகர முடியும். கியர் தரையில் இல்லை, ஸ்டீயரிங்கை ஒட்டிக் கையில். முன்சீட்டு பெஞ்சு மாதிரி நீளமானது, மூன்று பேர் உட்காரலாம். கதவை மெல்லச் சாத்தினாலே கெட்டியான சத்தம் வரும். பெரியப்பா என்னைத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, "எதையும் தொடாதே" என்றார்.

அந்த வருஷம் ஷெட் கட்டக் காசில்லை. ஐப்பசியில் அடைமழை. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தாலும் காற்றில் அது விலகிப் பறக்கும். பெரியம்மா தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டே சொன்னது குடும்பத்தில் இன்னும் வழங்குகிறது: "நூத்துப் பதிமூணு பவுன் வாசல்ல நின்னு மழையில நனையுது."

அந்தக் காரை வாங்கியது ஆடம்பரத்துக்கு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதற்கு முன் ராத்திரியில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து பெரியப்பாவை அழைத்துப் போவார்கள். போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிடும், சில சமயம் காரியம் முடிந்திருக்கும். கார் வந்த பிறகு குத்தாலம், செம்பனார்கோயில், மணல்மேடு எல்லாம் அரை மணி, முக்கால் மணி ஆயிற்று. பிரசவத்தில் சிக்கலான பெண்களைப் பின்சீட்டில் படுக்க வைத்துத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். திரும்பி வந்து கிணற்றடியில் தானே சீட்டைக் கழுவுவார். டிரைவரைக் கழுவ விடமாட்டார்.

ஒரு டாக்டருக்கே இந்தப் பாடு என்றால் மற்றவர்களைக் கேட்கவா வேண்டும்? நாட்டின் பிரதமருக்கும் இதே பாடுதான். லால் பகதூர் சாஸ்திரி பிரதமராக இருந்தபோது வீட்டுக்கென்று ஒரு ஃபியட் வாங்கினார். விலை 12,000 ரூபாய். வங்கியில் அவரிடம் இருந்தது 7,000. மீதி 5,000 ரூபாயைப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடனாக வாங்கினார். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் அவர் மறைந்தபோது கடன் தீரவில்லை. அவர் மனைவி லலிதா சாஸ்திரி தன் பென்ஷனிலிருந்து அதைக் கட்டி முடித்தார் என்று அவர்கள் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கார் டெல்லியில் சாஸ்திரி நினைவில்லத்தில் இப்போதும் நிற்கிறது. 1965-ல் தங்கம் 10 கிராம் 72 ரூபாய்தான். 12,000 ரூபாய் என்றால் இருநூறு பவுனுக்கு மேல். இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லாரும் அவருடைய நேர்மையைச் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான். அந்த நேர்மைக்குப் பக்கத்திலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது: பிரதமர் பதவியில் இருந்த ஒருவரின் மொத்தச் சேமிப்பும் ஒரு சின்னக் காருக்குப் போதவில்லை. அந்தக் காரைத்தான் இன்று "வெறும் பன்னிரண்டாயிரம்" என்கிறோம்.

ஏன் இத்தனை விலை, ஏன் இத்தனை காத்திருப்பு? சுதந்திரத்துக்குப் பின் வெளிநாட்டுக் கம்பெனிகள் பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றுக்கொண்டிருந்தன. இங்கேயே தயாரிக்கத் திட்டமிருப்பவர்கள் மட்டும் இருக்கலாம் என்று 1953-ல் அரசு சொன்னது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிப் போயின. சென்னை எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி லாரி, பஸ்ஸுக்குப் போய்விட்டது. கடைசியில் காருக்கு மிஞ்சியவர்கள் மூன்றே பேர்: கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் அம்பாசடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் ஃபியட் செய்த பிரீமியர், நம் வண்டலூர்ப் பக்கம் ஹெரால்டு செய்த ஸ்டாண்டர்டு. மூன்று பேரும் சேர்ந்தும் நாட்டுக்கு ஆண்டுக்கு நாற்பதாயிரம் கார்கூடத் தேறாது.

விலையைக் கம்பெனி இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. 1969-ல் மத்திய அரசு மூன்று வண்டிகளுக்கும் விலையை ஆணையாகவே பிறப்பித்தது. பதினைந்தாயிரத்தை ஒட்டித்தான் மூன்றும். கட்டாது என்று கம்பெனிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. ஆணையம் உட்கார்ந்து கணக்குப் பார்த்து, 1971-ல் தீர்ப்பு வந்தது. ஒரு காரின் விலை என்னவென்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் முடிவு செய்த காலம் அது.

பில்லில் உள்ள விலையும் ஊரில் நடக்கிற விலையும் வேறு வேறாக இருந்தன. புது வண்டி கைக்கு வந்தவர் சில ஆண்டுகளுக்கு அனுமதியில்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம். ஆனாலும் முறை வந்தவரிடம் ஆயிரக்கணக்கில் மேல்பணம் கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். பெரியப்பாவிடமே கும்பகோணத்து வியாபாரி ஒருவர் வந்தார். பில்லுக்கு மேல் ஐயாயிரம் தருகிறேன், பேர் உங்கள் பேரிலேயே இருக்கட்டும், வண்டி மட்டும் எனக்கு வேண்டும் என்றார். அடகு வைத்த நகை அன்றைக்கே திரும்பியிருக்கும். பெரியம்மா உள்ளே கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஹெரால்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லாமல் போக மனசில்லை. அது நம்ம ஊர் வண்டி. 1961-லிருந்து மெட்ராஸில் செய்தார்கள். உடலை வடிவமைத்தவர் இத்தாலியின் மிக்கலோட்டி. ஃபியட்டுக்கு இருந்த கிராக்கி அதற்கு இல்லை, காத்திருப்பும் அவ்வளவு இல்லை. எங்கள் தெருவில் பொதுப்பணித் துறை எஞ்சினியர் ஒருவர் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வண்டியைத் திறக்கும்போது நாங்கள் நான்கைந்து பையன்கள் போய் நிற்போம். மற்ற கார்களில் மூடி மட்டும்தான் திறக்கும். ஹெரால்டில் இரண்டு பக்க மட்கார்டு, முகப்பு, விளக்கு எல்லாமாகச் சேர்ந்து முன்பாதி உடலே முன்னால் சாய்ந்து திறக்கும். முன்சக்கரங்கள் முழுசாக வெளியே தெரியும். அவர் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு பிளக்கைக் கழற்றித் துடைப்பார். எங்கள் குறுகலான தெருவில் ஒரே வெட்டில் திரும்பிவிடும் வண்டி அது ஒன்றுதான். அந்தக் கம்பெனி எண்பதுகளின் கடைசியில் மூடிப்போனது. ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும்போது அந்தப் பக்கம் என் கண் தன்னால் திரும்பும். மெட்ராஸ் பேர் சொல்லி நாடெங்கும் ஓடிய கார் அது. இன்று கார் நகரம் என்று சென்னையைச் சொல்பவர்கள் ஹெரால்டின் பேரையும் சொல்ல வேண்டும்.

உலகத்தில் எல்லா இடத்திலும் பழைய விலையைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள். ஃபெராரி 250 ஜிடிஓ என்ற பந்தயக் கார், 1962-ல் அமெரிக்காவில் 18,000 டாலர். அப்படி ஒன்று 2018-ல் ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைக்கே ஒன்று வாங்கிப் போட்டிருக்கலாமே என்று தோன்றும். 1963-ல் அமெரிக்காவில் ஒரு புது வீட்டின் இடைநிலை விலையும் ஏறத்தாழ அதே 18,000 டாலர்தான். குடியிருக்கும் வீட்டை விற்றுப் பந்தயக் கார் வாங்குகிறவன் எத்தனை பேர்?

ஜெர்மனியில் நடந்தது இன்னும் கொடுமை. 1938-ல் ஹிட்லர் அரசு 990 மார்க்குக்கு மக்கள் கார் என்று அறிவித்தது. பின்னாளில் பீட்டில் என்று பேர்பெற்ற வண்டிதான். வாரம் 5 மார்க்குக்கு ஸ்டாம்ப் வாங்கி அட்டையில் ஒட்டி நிரப்ப வேண்டும். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒட்டினார்கள். போர் வந்தது, தொழிற்சாலை ராணுவ வண்டி செய்யப் போனது. சேமித்தவர்களில் ஒருவருக்கும் அந்த விலைக்குக் கார் கிடைக்கவில்லை. பல வருஷம் வழக்காடி, 1961-ல் புது வண்டி வாங்கினால் கொஞ்சம் தள்ளுபடி என்று முடிந்தது. 990 மார்க் என்ற விலை காகிதத்தில் மட்டும் இருந்த விலை.

இதற்கெல்லாம் நேர் எதிராக ஒன்று நடந்தது, அதைத்தான் நான் மதிக்கிறேன். ஹென்றி ஃபோர்டின் மாடல் டி 1908-ல் வந்தபோது 850 டாலர். வருஷா வருஷம் விலை இறங்கிக்கொண்டே வந்து 1925-ல் மிகக் குறைந்த மாடல் 260 டாலருக்கு விற்றது. நடுவில் 1914-ல் தன் தொழிலாளிக்கு நாளைக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தார். அப்போது கார் ஐந்நூறு டாலரை ஒட்டி இருந்தது. நூறு நாள் கூலிக்கு, அதைச் செய்தவனே அதை வாங்கலாம். ஃபோர்டின் மற்ற கருத்துகள் பலவற்றை நான் ஏற்கமாட்டேன், ஆனால் இந்தக் கணக்கு சரியான கணக்கு. நம் நாட்டில் அதே வண்டி, அதே எஞ்சின், முப்பது நாற்பது வருஷம் மாறாமல் இருக்க, விலை மட்டும் ஏறியது. ஃபியட் 1974-ல் பத்மினி என்று பேர் மாற்றிக்கொண்டது. பேர் மாறியதே தவிர உள்ளே அதே 1089 சிசி எஞ்சின்தான். எங்கள் ஊரில் கடைசி வரை அதை ஃபியட் என்றுதான் சொன்னார்கள்.

கணக்கு மாறியது மாருதியில். 1983-ல் நான் வங்கியில் கிளார்க்கு, சம்பளம் 1,200 ரூபாய். பத்தாயிரம் ரூபாய் கட்டிப் பதிவு செய்யலாம் என்று விளம்பரம் வந்தது. லட்சம் பேருக்கு மேல் கட்டினார்கள். எங்கள் கிளையில் அதற்கான டிராஃப்ட் எழுதி எழுதி என் விரல் காய்த்துப்போயிற்று. 1983 டிசம்பர் 14-ஆம் தேதி டெல்லியில் இந்திரா காந்தி முதல் வண்டியின் சாவியை ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தார். விலை 47,500 ரூபாய். எனக்கு நாற்பது மாதச் சம்பளம். நான் கட்டவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதும் அம்மா விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். பவுன் 1,440 விற்றது. "முப்பத்து மூணு பவுன்தானா? நெசமாவா?" என்று இரண்டு முறை கேட்டாள். பெரியப்பாவின் 113 பவுன் 33 ஆகிவிட்டதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தது அவள்தான். ரூபாயில் மூன்று மடங்கு ஏறிய பொருள் பவுனில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது.

தங்கத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் முழுசாகச் சரிவராது, அதன் விலையும் நிலையாக நிற்பதில்லை. எழுபதுகளில் அது தாவிய தாவலை எங்கள் வீட்டில் எல்லாரும் அனுபவித்திருக்கிறோம். அதனால்தான் அப்பாவின் சம்பளத்தையும் என் சம்பளத்தையும் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன். அவருக்கு ஐம்பத்தேழு மாதம், எனக்கு நாற்பது மாதம். இன்று பவுன் எழுபதாயிரத்தைத் தாண்டிவிட்ட பிறகு, ஒரு சின்னப் புதுக் கார் பத்துப் பவுனுக்குள் வந்துவிடுகிறது. எப்படி அளந்தாலும் கார் இன்றைக்குத்தான் மலிவு. அன்று அது மலிவாக இருந்ததே இல்லை.

பெரியப்பாவின் ஃபியட்டை 1994-ல் விற்றோம். அவருக்குக் கண் மங்கிவிட்டது, வீட்டில் வேறு யாரும் அதை ஓட்டத் தயாராக இல்லை. பெட்ரோல் விலை ஏறிய நாளிலிருந்தே அது வாரத்தில் பாதி நாள் ஷெட்டில்தான் கிடந்தது. பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் வந்து 22,000 ரூபாய் கொடுத்து ஓட்டிக்கொண்டு போனார். வாங்கியது 16,640, இருபத்து நான்கு வருஷம் உழைத்த பிறகு விற்றது 22,000. லாபம் லாபம் என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். பெரியப்பாவும் சிரித்தபடி ஆமாம் என்றார். பெரியம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷம் பவுன் 3,680. 113 பவுனாக வீட்டுக்கு வந்தது ஆறு பவுனாக வெளியே போயிற்று. அதில் வராத கணக்கு ஒன்று உண்டு: தஞ்சாவூர் போகும் வழியில் அந்தப் பின்சீட்டிலேயே பிறந்த ஒரு பெண் குழந்தை. மணல்மேட்டில் இன்று பாட்டியாக இருக்கிறாள். பெரியப்பா காரியத்துக்கு வந்து அழுதாள்.

இப்போது அதே வண்டியைத் தேய்த்து, பெயின்ட் அடித்து, உதிரி பாகம் தேடிப் பூட்டினால் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். அம்பாசடர் என்ற பெயரை மட்டுமே 2017-ல் பிரெஞ்சுக் கம்பெனி பெஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பழைய பொருளுக்கு மதிப்பு வருவது நல்லதுதான், எனக்கு மகிழ்ச்சியே. கல்யாணத்துக்கு வந்த அந்த வெள்ளை ஃபியட்டின் கதவை நானும் ஒரு முறை திறந்து சாத்திப் பார்த்தேன். அதே கெட்டிச் சத்தம்.

ஊருக்குத் திரும்பியதும் அண்ணன் பிள்ளையை வீட்டுக்கு வரச் சொன்னேன். பில்லைக் காட்டினேன். கையில் வாங்கி, உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து பிடித்துக்கொண்டு, 16,640 என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பென்சிலை எடுத்துப் பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன்: உன் சின்னத் தாத்தா சம்பளம் மாதம் 290. பவுன் 147. நிலம் 2 ஏக்கர், 9,000. நகை அடகு 4,000. காத்திருந்தது 7 வருஷம்.

அவன் வெகுநேரம் படித்தான். "சித்தப்பா, இதை நான் வச்சுக்கலாமா?" என்றான். கொடுத்துவிட்டேன்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒரு பில் இருக்கலாம். கார் பில்லாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஸ்கூட்டர், ரேடியோ, தையல் மெஷின் எதுவானாலும் சரி. அதைப் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பும் முன், அந்த வருஷம் உங்கள் அப்பா வாங்கிய சம்பளத்தைப் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள். தெரியாவிட்டால், தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.